நிறம் பிரித்த அறிஞர் மிகயில் சுவெத்

வடிதாளின் ஓரத்தில் ஒரு துளி கறுப்பு மையிட்டு, அதன் நுனியை நீரிற் படும்படி நிறுத்தினால், கறுமை ஒன்றே எனத் தோன்றிய மை நீலமும் ஊதாவும் மஞ்சளுமாய்ப் பிரிந்து மேலேறுதலைப் பல வேளைகளிற் காணலாம். மாணவர் விளையாட்டாய்ச் செய்யும் இச்சிறு சோதனையை ஒத்ததொரு முறையை உலகுக்கு ஈந்தவர் உருசிய அறிஞர் மிகயில் சுவெத் ஆவர். துன்பம் நிறைந்த அவர்தம் வாழ்வினை இம்மலரிற் சுருங்கக் கூற விழைகின்றோம்.

சுவெத் 1872 ஆம் ஆண்டு மே மாதம் 14 ஆந் திகதி இத்தாலி நாட்டின் ஆசுத்தி நகரிற் பிறந்தார். தந்தையார் உருசிய உத்தியோகத்தர். தாயார் மகனை ஈன்ற சின்னாளில் மறைந்தார். சுவிற்சலாந்தில் வளர்ந்த சுவெத், 1896 இல் ஜெனீவா சர்வகலாசாலையிற் கலாநிதிப் பட்டம் பெற்று, அவ்வாண்டே தந்தையின் நாட்டை அடைந்தார். ஆனால், அந்நியநாட்டுப் பட்டம் அங்கே செல்லாதாயிற்று. அவர் மனந்தளர்ந்திலர், மீண்டும் கற்று, 1901 இற் கசான் சர்வகலாசாலையில் முதுமாணிப் பட்டம் எய்தினார்.

பின்னர், அக்காலத்தில் உருசியப் பேரரசுக்கு உட்பட்டிருந்த வார்சோ நகரிற் பணியேற்றார். இலையின் பச்சை நிறத்துள் எத்தனை பொருள்கள் அடங்கியுள்ளன என்பதே அவர் ஆராய்ந்த வினா. அமிலமும் காரமும் இட்டு ஆராயும்போது அந்நிறப்பொருள்கள் எளிதில் மாறிவிடும். சுவெத்தோ மென்மையான வழியொன்றை நாடினார். கண்ணாடிக் குழாயொன்றிற் சுண்ணத்தூளை இறுக நிரப்பி, இலைச்சாயக் கரைசலை மேலிருந்து ஊற்றி, அதன்மேல் தூய கரைப்பானைச் செலுத்தினார். தூளை இறுகப் பற்றும் பொருள் மேலே தங்கிற்று. பற்றுக் குறைந்தது கீழே விரைந்தது. பச்சையம் இரு வேறு பட்டைகளாயும், மஞ்சள் நிறப்பொருள்கள் தனித்தனிப் பட்டைகளாயும் பிரிந்து நின்றன. அத்தூளைக் குழாயினின்று வெளியே தள்ளிப் பட்டை பட்டையாய் அரிந்து, ஒவ்வொன்றையும் தூயதாய்ப் பெற்றார்.

1903 ஆம் ஆண்டு மார்ச்சு 21 ஆந் திகதி வார்சோவில் இதுபற்றி உரையாற்றினார். 1906 இல் செருமானியத் தாவரவியற் சஞ்சிகையில் எழுதிய கட்டுரைகளில் இம்முறைக்குக் குரோமற்றோகிராபி எனப் பெயரிட்டார். நிறம், எழுத்து என்னும் பொருள்தரும் கிரேக்கச் சொற்களால் ஆய பெயர் அது. உருசிய மொழியிற் சுவெத் என்னுஞ் சொல்லுக்கும் நிறம் என்பதே பொருள்!

எனினும், இரசாயன அறிஞர் பலர் தாவரவியலார் ஒருவரின் முறையை மதித்திலர். பச்சைய ஆராய்ச்சிக்காக 1915 இல் நோபல் பரிசு பெற்ற வில்சுத்தேற்றரும் அதனை ஐயுற்றார். அவ்வாண்டே செருமானியப் படை வார்சோவைக் கைப்பற்ற, சுவெத் ஆய்வுகூடத்தை விட்டகன்றார். மொஸ்கோ, நிசுனி நொவ்கொரொட், 1917 இல் யூரியெவ், அங்கும் போர் சூழவே வொரோனெசு என ஊர்விட்டு ஊர் பெயர்ந்தார். இடம்பெயர்ந்தோர் துயரை நாம் அறியாதவரல்லேம். நோயால் நலிந்து, 1919 ஆம் ஆண்டு யூன் 26 ஆந் திகதி தமது 47 ஆவது வயதில் உயிர்நீத்தார்.

நிற்க, வித்து மட்டும் மடியவில்லை. 1931 இற் கைடல்பேக்கு நகரிற் கூன், லெடெறர் முதலியோர் அம்முறையாற் கரற்றீனைப் பிரித்தனர். 1952 இல் மாட்டின், சிஞ்சு ஆகிய இருவரும் இத்துறையிற் புதுவழி கண்டமைக்காக நோபல் பரிசு பெற்றனர். இன்று கண்ணாடிக் குழாயின் இடத்தில் உருக்குக் குழாய். சுண்ணத்தின் இடத்தில் மயிரிழையினும் மிக நுண்ணிய சிலிக்காத் துகள்கள். கரைப்பான் தன் நிறையால் இறங்காது, பல நூறு வளிமண்டல அமுக்கத்திற் பம்பியாற் செலுத்தப்படுகின்றது. நிறமில்லாப் பொருளையும் புறவூதாக் கதிரால் உணர்கருவி அறிந்து காட்டுகின்றது. மருந்தின் தூய்மையை அளத்தற்கும், கலவையினின்று வேண்டும் பொருளைத் தூயதாய்ப் பிரித்தெடுத்தற்கும் இக்கருவி உதவுகின்றது.

இத்தனையும் சுவெத் கண்டிலர். தம் காலத்தவர் மதியாதபோதும் செய்த பணியைத் திருந்தச் செய்து, அதனை எழுதியும் வைத்தார். பன்னீராண்டுகளின்பின் பிறர் அதனைத் தொடர முடிந்தமை அதனாலேயாம். பரீட்சைப் பெறுபேறும் பட்டமும் ஒருவரது முழுத் தகுதியைக் காட்டா என்பதை மாணவரும், வகுப்பிலே மௌனமாயிருப்பவனைக் குறைவாக மதிப்பிடலாகாது என்பதை ஆசிரியராகிய நாமும், அவர் வாழ்விலிருந்து கற்போமாக.