ஆம்னிக்குப் பின்னால் ஒரு தறிக்காரர்

நாளைக்குக் காலையில் அம்பத்தூர் ஓ.டி. ஸ்டாப்பில் காலேஜ் பஸ்ஸுக்கு நிற்கும்போது, போனைப் பத்து நிமிஷம் பாக்கெட்டில் போட்டுவிட்டு சி.டி.எச். ரோட்டைப் பாருங்க. தண்ணி கேன் ஏற்றிக்கொண்டு ஒரு மாருதி ஆம்னி போகும். ஸ்கூல் பிள்ளைகளை அடைத்துக்கொண்டு இன்னொன்று வரும். பந்தல் சாமான், கேட்டரிங் அண்டா என்று எதையாவது சுமந்துகொண்டு மூன்றாவது ஒன்று திருமுல்லைவாயல் பக்கம் திரும்பும். நம்ம சினிமாவில் ஆளைக் கடத்துவதற்கென்றே நேர்ந்துவிட்ட வண்டி அது! 2019-ல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். ஆவடிப் பக்கம் அந்த சேதி இன்னும் வந்து சேரவில்லை போல.

அந்த வண்டி ஏன் அப்படி இருக்கிறது என்று யோசித்திருக்கீங்களா? அகலம் வெறும் 1,410 மில்லிமீட்டர். முன் சீட்டுக்கு அடியில் இன்ஜின். டிரைவர் முகத்துக்கு முன்னால் ஒரு கண்ணாடி, ஒரு தகரம், அவ்வளவுதான். நம்ம ஊர் ரோட்டை அளந்து யாரும் அதை வரையவில்லை. ஜப்பான் அரசாங்கம் போட்ட ஒரு விதிக்குள் அடங்குவதற்காக வரைந்த உடம்பு அது.

ஜே.டி.எம். என்றதும் ஸ்கைலைன், சூப்ரா என்று சுவரில் போஸ்டர் ஒட்டுகிற ஆட்கள் நம்ம ஹாஸ்டலிலும் உண்டு. தப்பில்லை. ஆனால் சூப்ராவை அமெரிக்காவிலேயே ஷோரூம் வைத்து விற்றார்கள். ஜப்பானைத் தாண்டி அநேகமாக விற்பனைக்கே வராத கார்களைப் பார்க்கணும்னா, மஞ்சள் நம்பர் பிளேட் மாட்டிய குட்டி டப்பாக்களைத்தான் பார்க்கணும். அவற்றுக்குக் கேய் கார் என்று பெயர். கேய் என்றால் இலேசானது. 1949-ல் இந்த வகையை ஜப்பான் உருவாக்கியது. போரில் தோற்று, கையில் காசில்லாத நாடு. மோட்டார் சைக்கிள் வாங்குகிறவன் கொஞ்சம் கூடப் போட்டால் கார் வாங்க முடியணும், அதைச் செய்கிற கம்பெனிகளும் வளரணும் என்பது கணக்கு. குறிப்பிட்ட நீள அகலத்துக்குள்ளும் குறிப்பிட்ட சிசிக்குள்ளும் இருந்தால் வரி குறைவு. முதலில் 150 சிசி, பிறகு 360, 1976-ல் 550, 1990-லிருந்து 660. இன்றைய வரம்பு 3.4 மீட்டர் நீளம், 1.48 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம்.

உயரத்தைக் கவனிச்சீங்களா? நீளத்தையும் அகலத்தையும் கட்டிப்போட்டவர்கள், உயரத்தில் தாராளமாக விட்டுவிட்டார்கள். அதனால்தான் ஹோண்டா என்-பாக்ஸ், சுஸுகி ஸ்பேசியா எல்லாம் ஃபிரிட்ஜை நிமிர்த்தி வைத்து சக்கரம் மாட்டியது மாதிரி இருக்கும், பக்கவாட்டில் நகரும் கதவோடு. ஜப்பானில் அதிகம் விற்கும் கார் பட்டியலில் என்-பாக்ஸ் பல வருஷமாக முதலிடம். நம்மில் எத்தனை பேர் பெயராவது கேட்டிருப்போம்? சுஸுகி லாப்பான் என்று ஒன்று உண்டு, முயல் என்று அர்த்தம். ஹஸ்லர், பொம்மைக் கடையில் வைத்த ஜீப் மாதிரி. 1992-ல் ஆட்டோசாம் ஏ.இசட்.-1 என்று ஒன்று வந்தது. 720 கிலோ எடை, நடுவில் சுஸுகி இன்ஜின், பறவை சிறகு விரிப்பது போல மேலே திறக்கும் கதவுகள். என்னைக் கேட்டால் சூப்ரா போஸ்டரைக் கிழித்துவிட்டு இதை ஒட்டலாம்.

இந்தக் குட்டி உலகத்துக்குள் முதலில் இறங்கி நிலைத்தவர்களில் ஒருவர் மிச்சியோ சுஸுகி. அந்தப் பெயரை நாம் தினமும் பம்பரில் படிக்கிறோம். ஆனால் அது ஒரு ஆளின் பெயர் என்பதே பலருக்கு உறைப்பதில்லை. அந்த ஆள் வாழ்க்கையின் பெரும்பகுதியில் கார்க்காரர் இல்லை, தறிக்காரர்.

பிறந்தது 1887 பிப்ரவரியில், ஹமமட்சு பக்கத்தில் ஒரு கிராமத்தில். பருத்தி விளைவிக்கும் குடும்பம். 14 வயதில் ஒரு தச்சரிடம் வேலை பழக விட்டார்கள், ஏழு வருஷ ஒப்பந்தம். வீடு கட்டும் தச்சராகத்தான் ஆகியிருப்பார். 1904-ல் ரஷ்யாவோடு போர் வந்தது. வீடு கட்டுவோர் இல்லை, தச்சருக்கு வேலை இல்லை. அந்த ஆசான் பிழைப்புக்காகத் தறி செய்யத் தொடங்கினார், பையனும் கூடவே கற்றுக்கொண்டான். ஒரு வரலாறு இப்படி யாரோ ஒருத்தரின் வேலையில்லாத் திண்டாட்டத்தில் திரும்புகிறது பாருங்க.

ஒப்பந்தம் முடிந்து வெளியே வந்ததும் காலால் மிதித்து இயக்கும் ஒரு மரத்தறி செய்தார், அம்மாவுக்காக. அது பழைய தறியைவிடப் பலமடங்கு வேகமாக நெய்தது. அக்கம்பக்கத்தார் எங்களுக்கும் வேண்டும் என்று வந்து நின்றார்கள். 1909-ல் பட்டுப்புழு வளர்த்த ஒரு கொட்டகையைப் பட்டறையாக மாற்றி சுஸுகி தறிப் பட்டறையைத் தொடங்கியபோது வயது 22.

மெக்கானிக்கல் படிக்கிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்க. துணியில் நீளவாக்கில் கோடு வேணும்னா சுலபம், பாவு ஓட்டும்போதே வேறு வண்ண நூலைச் சேர்த்தால் போதும். குறுக்குவாக்கில் கோடு வேணும்னா ஊடை நூலை மாற்றணும். ஒரு வண்ணத்துக்கு ஒரு நாடா. நெய்கிறவர் கையை நிறுத்தி, ஒரு நாடாவை எடுத்து, இன்னொன்றைப் போட்டு, மறுபடி தொடங்கணும். மிச்சியோ 1912-ல் கண்டுபிடித்தது நாடாப் பெட்டியை மேலும் கீழும் ஏற்றி இறக்கும் ஒரு அமைப்பு. எந்த வண்ணம் வேண்டுமோ அந்த நாடா தானாக வந்து வரிசையில் நிற்கும். கோடும் கட்டமும் போட்ட துணி நிற்காமல் நெய்யலாம்.

கட்டம் போட்ட துணி என்றால் நமக்கு என்ன ஞாபகம் வரும்? கைலி! அதேதான். 1930 வாக்கில் அவர் செய்த தறிகளில் பேர் வாங்கியது சாரோங் நெய்யும் தறி. தென்கிழக்கு ஆசியா முழுக்க இடுப்பில் சுற்றிய துணி. மலேசியாவில் இன்றும் கட்டம் போட்ட கைலிக்குப் பெலேக்கத் என்று பெயர், நம்ம பழவேற்காட்டின் பெயரேதான் அது. ஒரு காலத்தில் நம்ம கரையிலிருந்து கப்பலேறிய துணியை, இப்போது அவருடைய இரும்புத்தறிகள் நெய்து தள்ளின. இதில் நம்ம நெசவாளர்களுக்குச் சந்தோஷப்பட ஒன்றுமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தொழில் நன்றாகப் போனது, 1920-லேயே அது முறையான கம்பெனி ஆகியிருந்தது. ஆனால் 1930-களில் அவருக்கு ஒரு கவலை வந்தது. தறி நன்றாக இருந்தது, அதுதான் பிரச்சினை. நல்ல தறி சீக்கிரம் கெடாது. ஒருமுறை வாங்கியவர் திரும்ப வர ஆண்டுக்கணக்காகும். விற்க விற்க, வாங்காத ஆட்கள் குறைந்துகொண்டே போவார்கள். தோற்றுப்போய் வேறு தொழிலுக்குத் தாவுகிறவர்களைப் பார்த்திருக்கிறோம். தன் பொருள் உழைக்கிறது என்பதையே அபாய மணியாகக் கேட்டவரை அதிகம் பார்த்ததில்லை.

1937-ல் கார் செய்யும் வேலை தொடங்கியது. அவருக்கு வயது 50. எங்கே தொடங்கினார் என்கிறீர்கள்? நாம் லேபில் செய்வதைத்தான் செய்தார். இங்கிலாந்தின் ஆஸ்டின் செவன் கார் ஒன்றை வாங்கி, நட்டு விடாமல் கழற்றிப் போட்டார். 1939-க்குள் சில மாதிரி வண்டிகள் தயார். நாலு சிலிண்டர், நாலு ஸ்ட்ரோக், தண்ணீரால் குளிரும் இன்ஜின். கிராங்க் கேஸும் கியர்பாக்ஸும் அலுமினிய வார்ப்பு. 800 சிசிக்கும் குறைவு, 13 குதிரைத்திறன். தறிப் பட்டறையில் வார்த்த இன்ஜின் ஓடியது!

அத்தோடு சரி. போர் வந்துவிட்டது. பயணிகள் கார் அத்தியாவசியம் இல்லை என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. பட்டறை ராணுவத்துக்கு வேலை செய்தது. 1944 கடைசியில் நிலநடுக்கம், அடுத்த வருஷம் ஹமமட்சு மேல் குண்டுமழை. போர் முடிந்தபோது மிச்சியோவுக்கு 58 வயது. கார்க் கனவை ஓரங்கட்டிவிட்டு மறுபடி தறி. அமெரிக்காவிலிருந்து பருத்தி வரத் தொடங்கியதும் கொஞ்சம் மூச்சு வந்தது. 1950-ல் நீண்ட தொழிலாளர் போராட்டம், 1951-ல் பருத்திச் சந்தை சரிவு. 14 வருஷத்துக்கு முன்பு அவர் பயந்தது இப்போது வேறு வாசல் வழியாக வந்து நின்றது.

தப்பிக்க வைத்தது ஒரு சைக்கிள். மகன் ஷுன்ஸோ, எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்து அலுத்துப்போனவர், அதில் ஒரு குட்டி மோட்டாரைப் பொருத்தினால் என்ன என்று யோசித்தார். 1952-ல் பவர் ஃப்ரீ வந்தது, 36 சிசி டூ ஸ்ட்ரோக். அதில் இரட்டைப் பல்சக்கர ஏற்பாடு ஒன்று இருந்தது. மோட்டார் உதவியோடு மிதிக்கலாம், மோட்டாரை விட்டுவிட்டு மிதிக்கலாம், மிதிக்காமல் மோட்டாரில் மட்டும் போகலாம். காப்புரிமை அலுவலகமே மேற்கொண்டு ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தது. 1954-ல் கம்பெனியின் பெயரிலிருந்து தறி போய் மோட்டார் வந்தது.

1955 அக்டோபரில் சுஸுலைட். 360 சிசி, இரண்டு சிலிண்டர் டூ ஸ்ட்ரோக், ஜெர்மனியின் லாய்ட் காரைப் பார்த்துச் செய்தது. அந்தக் காலத்தில் ஜப்பானில் யாரும் துணியாத முன்சக்கர இயக்கம். தொடக்கத்தில் காயில் ஸ்பிரிங் போட்டார்கள். அங்கே அப்போது பாதிக்கு மேல் மண் ரோடு, அது தாங்கவில்லை, லீஃப் ஸ்பிரிங்குக்கு மாறினார்கள். கழற்றிப்போட்ட ஆஸ்டினுக்கும் இதற்கும் நடுவில் 18 வருஷம். அவருக்கு 68 வயது.

இரண்டு வருஷம் கழித்துப் பொறுப்பை ஷுன்ஸோவிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கினார். மகன் என்றேனே, பெற்ற மகன் இல்லை. பெண்ணைக் கட்டி, குடும்பப் பெயரையும் ஏற்றுக்கொண்ட மாப்பிள்ளை. பின்னால் 1978-ல் தலைவரான ஒஸாமு சுஸுகியும் அப்படித்தான், மிச்சியோவின் பேத்தியைக் கட்டியவர். வீட்டோட மாப்பிள்ளை என்று நம்ம ஊரில் கிண்டல் பண்ணுவார்களே, அவர்கள்தான் அங்கே கம்பெனியை எடுத்து நடத்தினார்கள்.

ஒஸாமு வந்த மறுவருஷம், 1979-ல், ஆல்ட்டோ வெளிவந்தது. கேய் விதிக்குள் 550 சிசிக்குக் கீழே அடங்கியது. வெளிநாட்டில் அந்த விதி இல்லை, அதனால் அதே உடம்பில் 796 சிசி இன்ஜினை வைத்து ஏற்றுமதிக்கு ஒன்று செய்தார்கள். அதுதான் நம்ம மாருதி 800. ஜப்பானின் கேரி வேனுக்கும் அதே வைத்தியம் நடந்தது, ஆம்னி பிறந்தது. ஜப்பானுக்கென்று அளவெடுத்துத் தைத்த சட்டையை, உள்ளே ஆளை மட்டும் மாற்றி நமக்கு அனுப்பினார்கள் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

மற்ற கேய் கார்கள் ஏன் வரவில்லை என்று கேட்பீங்க. 660 சிசிக்கு வரிச்சலுகை ஜப்பானில்தான். நம்ம ஊரில் கோடு வேறு இடத்தில் கிழித்திருக்கிறது, 4 மீட்டர் நீளம், பெட்ரோலுக்கு 1,200 சிசி. அதற்குள் எதுவாக இருந்தாலும் ஒரே சலுகை, பிறகு எதற்கு 660? வேகன் ஆர் இங்கேயும் உண்டே என்றால், பெயர்தான் ஒன்று. அங்கே அகலம் 1,475 மில்லிமீட்டர், நம்ம வண்டி 1,620. டிக்கியைக் கத்தரியால் வெட்டியது மாதிரி நிற்கும் நம்ம டிசையரை ஒரு ஜப்பான்காரன் பார்த்தால், நாம் என்-பாக்ஸைப் பார்க்கிற மாதிரிதான் பார்ப்பான்.

1982-க்கு வருவோம். அந்த வருஷம் சுஸுகி இந்தியாவில் இரண்டு இடத்தில் கை கோத்தது. ஒன்று நம்ம பக்கம். பாடியில் லூகாஸ் டி.வி.எஸ்.ஸை ஒட்டி பஸ்ஸில் தினம் கடக்கிறோமே, அந்த வட்டாரத்து சுந்தரம் கிளேட்டன், சுஸுகியோடு சேர்ந்து மோட்டார் சைக்கிளுக்காக இந்த்-சுஸுகியைத் தொடங்கியது. இரண்டு வருஷத்தில் ஓசூரிலிருந்து ஏ.எக்ஸ். 100 வந்தது. உங்க அப்பாவோ மாமாவோ பின்னாளில் ஓட்டிய சாமுராய்க்கு அதுதான் மூத்தது. இன்னொன்று டெல்லியில். 1982 அக்டோபர் 2-ம் தேதி மாருதியோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்த மாதம் 27-ம் தேதி மிச்சியோ சுஸுகி காலமானார். வயது 95. முதல் மாருதி 800-ன் சாவி கைமாறியது 1983 டிசம்பர் 14-ம் தேதி.

அடுத்த முறை ஏதாவது ஆம்னி பஞ்சராகியோ சூடேறியோ ரோட்டோரம் நின்றால், டிரைவர் அண்ணன் முன் சீட்டைத் தூக்கும்போது கொஞ்சம் எட்டிப் பாருங்க. 796 சிசி, மூணு சிலிண்டர், தண்ணீரால் குளிர்வது, நாலு ஸ்ட்ரோக். 1939-ல் தறிப் பட்டறையில் ஓடியதும் அதே 800-க்குள்தான். ஒரு சிலிண்டர் கூட, குதிரைத்திறன் இதில் பாதிகூட இல்லை.