டான்யூப் நதியின் இசைஞர்

நுழையும்முன்

மூன்று தட்டுகளில் சுழலும் ஆட்ட இசைக்கு ஐரோப்பியர் இட்ட பெயர் வால்ட்ஸ். நடன அரங்குகளில் ஒலித்த அவ்விசையை, அமர்ந்து கேட்டுத் திளைக்கும் கலையாகவும் உயர்த்தியவர்களுள் முதன்மையானவர் யோகான் ஸ்ட்ராஸ். அவரது வாழ்வையும், அவர் படைத்த 'நீல டான்யூப்' என்னும் இசைக்கோவையின் வேகம், சுருதி, உணர்வு ஆகியவற்றையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

தடையை மீறிய இளமை

வியன்னா நகரை அடுத்த செயின்ட் உல்ரிக்கில் 1825ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆம் நாள் யோகான் ஸ்ட்ராஸ் பிறந்தார். தந்தையின் பெயரும் யோகான் ஸ்ட்ராஸ் என்பதே. தம் இசைக்குழுவுடன் ஐரோப்பிய நகரங்கள் பலவற்றில் வலம்வந்து புகழ்பெற்ற அவர், தம் மகன் வங்கிப் பணியில் அமரவேண்டும் என்று விரும்பினார். மகனோ, தந்தையின் குழுவிலேயே இருந்த பிரான்ஸ் அமோன் என்பவரிடம் மறைவாக வயலின் பயின்றார். அதனை அறிந்த தந்தை சினம் கொண்டு மகனை அடித்தார். தாய் அன்னாவோ மகனின் விருப்பத்திற்கு அரணாக நின்றார். தந்தை குடும்பத்தைப் பிரிந்து சென்றபின் இசைக்கல்வி தடையின்றித் தொடர்ந்தது.

1844ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள், ஹீட்சிங் பகதியில் இருந்த டொம்மாயர் அரங்கில் யோகானின் முதல் நிகழ்ச்சி நடைபெற்றது. பத்தொன்பது வயது நிறைய இன்னும் பத்து நாள்கள் இருந்தன. தந்தைக்குப் போட்டியாக மேடை ஏறிய அவ்விளைஞர், தம் படைப்புகளோடு தந்தையின் வால்ட்ஸ் ஒன்றையும் இசைத்தார். எதிர்த்தவரையும் மதிக்கும் பண்பு அன்று வெளிப்பட்டது. 1849இல் தந்தை மறைந்தபின் இருவர் குழுக்களும் ஒன்றாயின. ஓய்வற்ற உழைப்பால் 1853இல் யோகானின் உடல்நலம் குன்றியபோது, தம்பி ஜோசப் குழுவை நடத்தினார். 1863இல் அரண்மனை நடன விழாக்களின் இசை இயக்குநர் என்னும் பதவி யோகானைத் தேடிவந்தது.

தோல்வியின் நிழலில் பிறந்த இசை

1866ஆம் ஆண்டு ஜூலையில் கோனிக்ராட்ஸ் போர்க்களத்தில் பிரஷ்யாவிடம் ஆஸ்திரியா தோற்றது. வியன்னா மக்கள் சோர்ந்திருந்த அக்காலத்தில், ஆடவர் பாடற்குழு ஒன்றிற்காக யோகான் ஒரு வால்ட்ஸை இயற்றினார். 1867ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் அது முதன்முதலாகப் பாடப்பட்டது. அவையோர் பெரிதாகக் கொண்டாடவில்லை. ஆயினும் அதே ஆண்டில், சொற்கள் நீங்கிக் கருவியிசையாகப் பாரிசின் உலகப் பொருட்காட்சியில் ஒலித்தபோது அது பெரும்புகழ் பெற்றது.

வேகமும் சுருதியும் உணர்வும்

ஆட்ட இசை என்றதும் விரைவான தொடக்கத்தையே எவரும் எதிர்பார்ப்பர். நீல டான்யூபோ மெல்லத் தொடங்குகிறது. வயலின்கள் தாழ்ந்த ஒலியில் நடுங்க, கொம்பிசை தொலைவிலிருந்து எழுகிறது; விடியற்பொழுதில் பனி விலகி ஆறு தோன்றுவது போன்ற உணர்வு பிறக்கிறது. இம்முன்னிசை ஏ மேஜர் சுருதியில் அமைந்துள்ளது. பின்வரும் முதல் வால்ட்ஸ் டி மேஜருக்குரியது. டி என்னும் சுரத்தைக் குரலாகக் கொண்டால், ஏ அதன் இளியாகும். இளியில் நின்று காத்திருந்த இசை, குரலுக்கு வந்து சேரும்பொழுது, வெளியூர் சென்றவர் வீடு திரும்பியது போன்ற நிறைவை நாம் அடைகிறோம்.

ஐந்து வால்ட்ஸ்கள் தொடர்ந்து வருகின்றன. சுருதிகள் மாறுகின்றன; மென்மையும் துள்ளலும் மாறிமாறித் தோன்றுகின்றன. இறுதியில் தொடக்கப் பண் நினைவுபோல் திரும்பிவந்து, டி மேஜரிலேயே படைப்பு நிறைவுறுகிறது.

வியன்னாக் கலைஞர்கள் மூன்று தட்டுகளையும் சம இடைவெளியில் இசைப்பதில்லை. இரண்டாம் தட்டு சற்றே முந்திவரும். மூன்றாம் தட்டுக்குமுன் ஒரு சிறு மூச்சு தங்கும். அந்நுண்மை ஏட்டில் எழுதப்படுவதில்லை; கேட்டும் பழகியும் வருவது. வால்ட்ஸின் உயிர் அம்மூச்சில் இருக்கிறது.

புகழும் மறைவும்

1872இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நடந்த மாபெரும் இசைவிழாவில், ஆயிரக்கணக்கான கலைஞர்கள் கூடிய அரங்கில், துணை இயக்குநர்களின் உதவியோடு யோகான் இசை நடத்தினார். 1874இல் 'வௌவால்' என்னும் இசைநாடகத்தைப் படைத்தார். ஆழ்ந்த இசைக்குப் பெயர்பெற்ற பிராம்ஸ், ஒரு விசிறியில் நீல டான்யூபின் தொடக்கச் சுரங்களை எழுதி, அதனைத் தாம் இயற்றவில்லையே என்னும் ஏக்கத்தை விளையாட்டாகப் பதிவு செய்தார். உலகுக்கு மகிழ்ச்சி வழங்கிய யோகானின் உள்ளத்திலோ, மரணம் பற்றிய அச்சம் நெடுநாள் குடிகொண்டிருந்தது. 1870ஆம் ஆண்டிலேயே தாயையும் தம்பி ஜோசப்பையும் இழந்தார். 1899ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் நாள் நுரையீரல் அழற்சியால் வியன்னாவில் அவர் உயிர்நீத்தார்.

இசைத்தட்டில் வாழும் நதி

பழைய 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 4 நிமிட இசையே அடங்கும். பத்து நிமிட அளவிலான நீல டான்யூபைச் சுருக்கியோ பக்கம் பிரித்தோதான் பதிவு செய்ய இயன்றது. இன்று முழுமையான பதிவுகள் பல உள்ளன. முன்னிசையை ஓர் இயக்குநர் நீட்டுவார். மற்றொருவர் விரைந்து கடப்பார். சுரங்கள் ஒன்றே, வேகம் மாறும்போது உணர்வும் மாறுகிறது. இரண்டு பதிவுகளை அடுத்தடுத்துக் கேட்கும் மாணவர் இதனை எளிதில் உணர்வர்.

ஆண்டுதோறும் சனவரி முதல் நாளில் வியன்னா பில்ஹார்மோனிக் குழு இப்படைப்பை இசைக்கிறது. வயலின்கள் நடுங்கத் தொடங்கியதுமே அவை கைதட்டுகிறது, இசை நிற்கிறது, கலைஞர்கள் புத்தாண்டு வாழ்த்துக் கூறுகின்றனர், பின்னர் இசை மீண்டும் தொடங்குகிறது. நின்று, மூச்செடுத்து, மீண்டும் நடத்தல் அவ்விசையின் இயல்பு. தடைகளுக்குப்பின் மீண்டும் மீண்டும் எழுந்த யோகான் ஸ்ட்ராஸின் வாழ்வும் அத்தகையதே.