சோயா மொச்சையில் மருந்து கண்டவர்

கரப்பான் வந்த தோலுக்கு டாக்டர் ஒரு களிம்பு எழுதிக் கொடுக்கிறார். அது வெளிச்சம் புகாத டியூபில் வருகிறது. கண்ணாடிச் சீசாவில் ஏன் வருவதில்லை? வெளிச்சம் பட்டால் அந்த மருந்து மெல்ல மெல்லக் கெட்டுவிடும்!

அதன் பெயர் ஹைட்ரோகார்ட்டிசோன். ஒரு காலத்தில் இந்த இன மருந்து தங்கத்தைவிட விலை அதிகம். ஏழைக்கு எட்டாது. அதை எட்ட வைத்தவர்களில் ஒருவர் பெர்சி ஜூலியன்.

ஜூலியன் 1899 ஏப்ரல் 11-ந்தேதி அமெரிக்காவில் மாண்ட்கோமரி நகரில் பிறந்தார். கறுப்பர். அவருடைய தாத்தா அடிமையாக இருந்தவர். அந்தத் தாத்தாவின் கையில் இரண்டு விரல்கள் இல்லை. எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டார் என்பதற்காக வெட்டிவிட்டார்கள்! பேரன் பெரிய படிப்புக்கு ரெயில் ஏறியபோது, விரல் இழந்த அந்தக் கைதான் வழியனுப்பி வைத்தது.

டிபா பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. விடுதியில் இடம் கிடைக்கவில்லை. வெள்ளை மாணவர்கள் தங்கிய ஒரு வீட்டில் சாப்பாடு பரிமாறினார், அடுப்பு எரித்தார், மச்சில் படுத்துக்கொண்டார். விட்டுப்போன உயர்நிலைப்பள்ளிப் பாடங்களையும் சேர்த்துப் படித்தார். 1920-ல் வகுப்பிலேயே முதல்வராகத் தேறினார். 1931-ல் வியன்னாவில் டாக்டர் பட்டம் பெற்றார்.

பிறகு கலபார் கொட்டையில் கை வைத்தார். அது ஆப்பிரிக்காவில் விளையும் விஷக் கொட்டை. ஆனால் அதில் உள்ள பைசோஸ்டிக்மைன் கண் அழுத்த நோய்க்கு மருந்து. அதை ரசாயனச் சாலையிலேயே உண்டாக்க ஜூலியன் முயன்றார். இங்கிலாந்தில் ராபர்ட் ராபின்சன் என்ற பெரிய விஞ்ஞானியும் அதே வேலையில் இருந்தார். அவர் போகும் வழி தவறு என்று ஜூலியன் துணிந்து எழுதினார். சொன்னது பொய்த்தால் பிழைப்பே போய்விடும். பொய்க்கவில்லை. 1935-ல் ஜூலியன் வென்றார். (அந்த மருந்தும் வெளிச்சத்துக்கு ஆகாது. கரைத்து வெளிச்சத்தில் வைத்தால் சிவந்துபோகும்.)

இவ்வளவு சாதித்தும் பேராசிரியர் பதவி கிடைக்கவில்லை. காரணம், தோலின் நிறம்!

1936-ல் சிகாகோவில் கிளிடன் கம்பெனியில் சேர்ந்தார். 1940-ல் அங்கே ஒரு விபத்து. சோயா எண்ணெய்த் தொட்டியில் தண்ணீர் கசிந்து, அடியில் வெள்ளையாக ஏதோ உறைந்து கிடந்தது. மற்றவர்களுக்கு அது நஷ்டம். ஜூலியனுக்கு அது புதையல்! கலபார் கொட்டை எண்ணெயில் அவர் முன்பே பார்த்த ஸ்டிக்மாஸ்டீரால்தான் அது. அதிலிருந்து ஹார்மோன் மருந்துகளை ஏராளமாகச் செய்தார்.

1949-ல் கார்ட்டிசோன் மூட்டுவாத நோயாளிகளை எழுந்து நடக்க வைத்தது. உலகமே கேட்டது. ஆனால் மாட்டுப் பித்தத்திலிருந்து நீண்ட முறையில் எடுக்க வேண்டியிருந்தது. ஹைட்ரோகார்ட்டிசோனுக்கு ஒரே ஒரு ஆக்சிஜன் அணு குறைந்த பொருள் ஒன்று உண்டு. அதை ஜூலியன் மலிவாகச் செய்து காட்டினார். அந்த ஓர் அணுவைச் சேர்க்கும் வேலையைப் பூஞ்சைக் காளான் செய்யும் என்று வேறு கம்பெனிகளின் விஞ்ஞானிகள் கண்டார்கள். விலை சரிந்தது.

1950-ல் சிகாகோவின் சிறந்த மனிதர் என்று ஒரு பத்திரிகை அவரைத் தேர்ந்தெடுத்தது. அதே ஆண்டு அவர் ஓக் பார்க்கில் வீடு வாங்கினார். வெள்ளையர் வாழும் ஊர். குடிபோகும் முன்பே வீட்டுக்குத் தீ வைக்கப் பார்த்தார்கள். 1951 ஜூன் மாதம் டைனமைட் வெடித்தது. அப்போது ஜூலியனும் மனைவி அன்னாவும் வெளியூரில். வீட்டில் இருந்தவை இரண்டு குழந்தைகள்! நல்லவேளை, காயமில்லை. அக்கம்பக்கத்தார் பலர் ஆதரவாக வந்தார்கள். ஜூலியன் ஊரைவிட்டுப் போகவில்லை.

1952-ல் ஹைட்ரோகார்ட்டிசோன் களிம்பு தோல் நோய்களைத் தணிப்பதை டாக்டர்கள் வெளியிட்டார்கள். ஆனால் சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர் பட்டால் இந்த இன மருந்துகளின் அணுக்கட்டு குலைகிறது, வீரியம் குறைகிறது. டியூபுக்குள் இருக்கும்வரை கவலையில்லை. தோலில் மெல்லிதாகப் பூசிய பிறகுதான் வெயில் தாக்குகிறது. அதனால் அந்தக் கதிரைத் தான் வாங்கிக்கொள்ளும் பொருளைக் களிம்பிலேயே சேர்க்கும் ஆராய்ச்சிகள் பின்னர் நடந்தன.

ஜூலியன் 1953-ல் சொந்தக் கம்பெனி தொடங்கினார். 1961-ல் அதை 23 லட்சம் டாலருக்கு விற்றார். 1975 ஏப்ரல் 19-ந்தேதி காலமானார். பேராசிரியர் பதவி தர மறுத்த டிபாவில், விஞ்ஞானக் கட்டிடத்துக்கு இப்போது அவர் பெயர்.