மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி

புதுக்கோட்டையில் 1886ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 30ஆம் நாள் முத்துலட்சுமி பிறந்தார். தந்தையார் நாராயணசாமி கல்லூரி முதல்வர். தாயார் சந்திரம்மாள், கோவில்களில் இசையும் ஆடலும் வளர்த்த மரபில் வந்தவர். ஆண்கள் மட்டுமே பயின்றுவந்த புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் சேர்ந்து பயின்ற முத்துலட்சுமி, 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார்.

1926இல் சென்னைச் சட்டமன்றத்திற்கு நியமிக்கப்பட்டபோது, நோயாளிகளை விட்டுச் செல்ல அவர் தயங்கினார். நண்பர்கள் வற்புறுத்தியதால் உடன்பட்டார். மறு ஆண்டே அம்மன்றத்தின் துணைத்தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அக்காலத்தில் சிறுமியரைக் கோவிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கம் இருந்தது. அச்சிறுமியர் திருமணம் செய்துகொள்ள இயலாது. வளர்ந்தபின் பலர் இழிவான வாழ்வுக்குத் தள்ளப்பட்டனர். பெற்ற தாயே மகளை இவ்வழக்கத்திற்கு ஏன் ஒப்படைத்தாள்? அன்பின்மையே காரணம் என்று எண்ணிவிடக் கூடாது. பணி செய்யும் குடும்பத்திற்குக் கோவில் மானிய நிலம் அளித்திருந்தது. பணி தொடர்ந்தால்தான் நிலம் தொடரும்; பணி நின்றால் நிலமும் போய்விடும். வேறு வருவாய் இல்லாத குடும்பம் அந்நிலத்தை இழக்க அஞ்சியது.

முத்துலட்சுமி இம்முடிச்சை நன்கு அறிந்திருந்தார். வழக்கத்தைத் தடை செய்தால் மட்டும் போதாது. வறுமையும் சேர்ந்தல்லவா அக்குடும்பங்களைக் கட்டியிருந்தது! எனவே, கோவில் பணியிலிருந்து விடுபடும் பெண்களுக்கு அந்நிலம் உரிமையாகும்படி வழிசெய்ய முனைந்தார். மரபு கெட்டுவிடும் என்று சிலர் எதிர்த்தனர். கலை அழிந்துவிடும் என்று வேறு சிலர் வாதிட்டனர். ஆயினும் 1929இல் அச்சட்டத் திருத்தம் நிறைவேறியது. பொட்டுக்கட்டுவதையே தடுக்கும் மசோதா ஒன்றையும் அவர் கொண்டுவந்தார். ஆனால், 1930இல் காந்தியடிகள் கைது செய்யப்பட்டதைக் கண்டித்து அவர் தம் பதவியைத் துறந்தார். மசோதா அப்போது சட்டமாகவில்லை.

அவ்வேளையில் ஆதரவற்ற சிறுமியர் சிலர் அவர் வீட்டுக் கதவைத் தட்டினர். பொட்டுக்கட்டும் வாழ்வை விட்டு வெளியேறிய அவர்கள் கற்க விரும்பினர். அவர்களை மாணவியர் விடுதிகளில் சேர்க்க முத்துலட்சுமி முயன்றார். விடுதிகளோ சாதி வாரியாகப் பிரிந்திருந்தன. அச்சிறுமியரின் பிறப்பைக் காட்டி அவை இடந்தர மறுத்தன. அவர் மேலும் அலையவில்லை. தம் வீட்டிலேயே அவர்களுக்கு இடமளித்தார். இவ்வாறு 1930இல் தோன்றியதே அவ்வை இல்லம். ஒளவைப் பாட்டியின் பெயரை அதற்குச் சூட்டியது எவ்வளவு பொருத்தம்! எச்சாதிச் சிறுமியாயினும் அங்கு உணவும் உறைவிடமும் கல்வியும் கிடைத்தன. தாமே உழைத்து வாழ்வதற்கேற்ற தொழில்களும் கற்றுத்தரப்பட்டன.

சட்டத்திற்காக அவர் மேலும் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. நாடு விடுதலை பெற்ற 1947ஆம் ஆண்டில், சென்னை மாகாணத்தில் பொட்டுக்கட்டுதல் சட்டப்படி குற்றமாயிற்று. அப்போது அவருக்கு வயது 61.

பின்னர் 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கக் காரணமாக இருந்தார். அது தனியே கூறவேண்டிய வரலாறு. 1956இல் பத்மபூஷண் விருது பெற்ற அவர், 1968இல் மறைந்தார். அவ்வை இல்லமும் அதன் பள்ளிகளும் அடையாற்றில் இன்றும் இயங்கி வருகின்றன.