அலையை விட ஆளைப் பார்த்தவர்: எடி ஐகாவ்

நம்ம இதழில் வாழ்க்கை வரலாறு என்றாலே ராமானுஜன், டெஸ்லா, கலாம் என்றுதான் எதிர்பார்த்து வருவீங்க. இந்தத் தடவை கொஞ்சம் தூரமா கூட்டிட்டுப் போறேன். கடலே இல்லாத ஆரணியில் உட்கார்ந்துகொண்டு, பசிபிக் பெருங்கடலின் நடுவில் இருக்கும் ஒரு கடற்கரைக்குப் போகப் போறோம். அங்கே 10 வருஷம் காவலுக்கு நின்ற ஒருத்தரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

இடத்தின் பெயர் வைமேயா விரிகுடா. ஹவாய்த் தீவுகளில் ஓவாஹு என்ற தீவின் வடக்குக் கரையில் இருக்கு. வெயில் காலத்தில் போனீங்கன்னா இதுக்கா இவ்ளோ பில்டப் என்று கேட்பீங்க. தண்ணி ஏரி மாதிரி அசையாமல் கிடக்கும். ஓரத்தில் இருக்கும் பெரிய பாறை மேல் ஏறிச் சின்னப் பசங்க குதிச்சு விளையாடுவாங்க.

நவம்பர் வந்ததும் கதையே வேற. வட பசிபிக்கில் எங்கேயோ புயல் அடிக்கும். அது கிளப்பிய அலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடி வரும். ஹவாய் நடுக்கடலில் எழுந்த எரிமலைத் தீவு. அலையின் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிற அகலமான, ஆழமில்லாத கடலடி மேடை அங்கே கிடையாது. ஆழ்கடலில் வந்த வேகம் பெரிதாகக் குறையாமல் கரைப் பாறைத்திட்டில் வந்து மோதும். அப்போது அலை 30 அடி, 40 அடி என்று எழும்பும். நாலு மாடிக் கட்டடம் ஒன்று உங்க மேல் சரிஞ்சு விழுவதாக நினைச்சுக்கோங்க. ஒரு கன மீட்டர் தண்ணீர் 1000 கிலோ. அலையின் உயரம் இரண்டு மடங்கானால் அதன் ஆற்றல் நாலு மடங்காகும். இந்த ரெண்டு கணக்கும் நமக்குத் தெரிந்ததுதான். அதை உடம்பில் வாங்கிப் பார்ப்பது வேறு விஷயம்.

1943 டிசம்பரில் டிக்கி கிராஸ் என்ற இளைஞர் வைமேயாவின் அலைகளில் சிக்கிக் காணாமல் போனார். அதற்குப் பிறகு 1957 வரை அங்கே பெரிய அலையில் இறங்க யாருக்கும் மனசு வரவில்லை. அப்படிப் பேர் வாங்கிய இடம் அது.

நம்ம ஆள் எட்வர்ட் ஐகாவ், சுருக்கமாக எடி, 1946 மே 4-ல் மாவி தீவில் பிறந்தார். ஆறு பிள்ளைகளில் மூன்றாவது. 1959-ல் குடும்பம் ஓவாஹுவுக்கு வந்தது. வசதியான வீடெல்லாம் கிடையாது. ஒரு சீன இடுகாட்டைப் பராமரிக்கும் வேலை கிடைத்தது. அந்த இடுகாட்டுக்குள்ளேயே குடியிருந்தார்கள். பிள்ளைகளும் சேர்ந்துதான் சுத்தம் செய்தார்கள். எடி பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு, அன்னாசிப் பழத்தை டின்னில் அடைக்கும் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். மீதி நேரமெல்லாம் கடல்தான்.

இங்கே கொஞ்சம் வரலாறு சொல்லியாகணும். ஹவாய் ஒரு காலத்தில் தனி அரசு. 1893-ல் அதன் ராணியைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். 1898-ல் அமெரிக்கா தன்னோடு சேர்த்துக்கொண்டது. 1896-ல் வந்த சட்டத்துக்குப் பிறகு பள்ளிக்கூடத்தில் பாடமொழி ஆங்கிலம்தான் என்றாகி, ஹவாய் மொழி வகுப்பறையை விட்டே வெளியே போனது. என்னை மாதிரி இங்கிலீஷ் மீடியத்தில் படித்து வந்தவர்களுக்கு இது கொஞ்சம் உறைக்கும். எடி பிறந்த தலைமுறைக்குத் தாத்தாவின் மொழி முழுசாக வராது. ஆனால் தாத்தாக்களின் விளையாட்டான அலைச்சறுக்கு கையில் இருந்தது. சொந்த மண்ணிலேயே இரண்டாம் தரமாக நடத்தப்பட்ட ஒரு மக்களுக்கு அது வெறும் விளையாட்டு மட்டுமா?

1967-ல் வைமேயாவில் பெரிய அலை வந்த ஒரு நாளில் 21 வயது எடி இறங்கினார். நம்ம ஃபைனல் இயர் வயசு. அதுவரை அவ்வளவாகப் பேர் தெரியாத அந்தப் பையனை அன்றைக்கு எல்லோரும் கவனித்தார்கள். அவர் சறுக்கிய படங்கள் பத்திரிகைகளில் வந்தன.

அத்தோடு நின்றிருந்தால் இன்னொரு ஸ்போர்ட்ஸ் ஸ்டார் கதையாக முடிந்திருக்கும். 1968-ல் ஹொனலுலு நகர நிர்வாகம் வடக்குக் கரைக்கு முதன்முதலாக உயிர்காப்பாளர்களை வேலைக்கு எடுத்தது. அதில் ஒருவர் எடி. கொஞ்ச காலத்தில் வைமேயாவே அவருடைய இடமானது. இன்றைக்கு மாதிரி ஜெட் ஸ்கீ இல்லை, வாக்கி டாக்கியில் உடனே ஆள் வரவழைக்கும் வசதியும் இல்லை. ஒரு பலகை, காலில் மாட்டும் துடுப்பு, இரண்டு கை. அவ்வளவுதான். மற்றவர்கள் கரையேறி ஓடும் அலையில் அவர் உள்ளே நீந்திப் போவார்.

அவர் மீட்டவர்கள் 500 பேருக்கு மேல் இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். அவர் காவலில் இருந்த நேரத்தில் வைமேயாவில் ஒரு உயிர்கூடப் போனதில்லை என்பதுதான் ஹவாயில் இன்றும் பெருமையாகச் சொல்லப்படுவது. 1971-ல் ஆண்டின் சிறந்த உயிர்காப்பாளர் விருதும் வந்தது.

இந்த இடத்தில் ஒரு நிமிஷம் நில்லுங்க. உயிர்காப்பாளர் என்றால் நமக்கு மனசில் வருவது பாய்ந்து போய் ஒருவரைத் தூக்கி வரும் சினிமா சீன். உண்மையில் அந்த வேலையின் பெரும்பகுதி பார்த்துக்கொண்டே இருப்பது. எந்த டூரிஸ்ட் கடலுக்கு முதுகைக் காட்டி நிற்கிறார், எந்தப் பையன் அளவுக்கு மீறி உள்ளே போகிறான், அடுத்த பெரிய அலை வரிசை எப்போ வரும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே, வேண்டாம், இன்றைக்கு இறங்காதே என்று ஓயாமல் சொல்வது. எவ்வளவு பெரிய அலையிலும் இறங்கத் தெரிந்த ஆள், மற்றவர்களை இறங்க விடாமல் தடுப்பதில் தன் நாளைச் செலவழித்தார். எடியிடம் எனக்குப் பிடித்தது இதுதான்.

கரைக்கு வெளியிலும் அவர் அப்படித்தான். 1972-ல் ஒரு போட்டிக்காகத் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குப் போனார். நிறவெறி ஆட்சி உச்சத்தில் இருந்த நேரம். அவர் தோல் நிறத்தைப் பார்த்து ஹோட்டலில் இடம் தர மறுத்துவிட்டார்கள். கடற்கரையிலேயே வெள்ளையருக்கு ஒரு பக்கம், மற்றவர்களுக்கு வேறு பக்கம். டர்பன் நமக்கு அந்நியமான ஊர் இல்லை. 1860-ல் சென்னையிலிருந்து புறப்பட்ட கப்பலில் கரும்புத் தோட்ட வேலைக்குப் போய் இறங்கிய நம்ம ஆட்களின் பேரப்பிள்ளைகளுக்கும் அதே கடற்கரையில் அதே தடைதான். கடைசியில் உள்ளூர் அலைச்சறுக்கு வீரர் ஷான் டாம்ஸனின் குடும்பம் எடியைத் தங்கள் வீட்டில் தங்க வைத்தது.

சில வருஷம் கழித்து அந்த அனுபவம் வேறு விதமாகத் திரும்பி வந்தது. 1976 குளிர்காலத்தில் ஆஸ்திரேலிய வீரர்கள் சிலர் ஹவாய்க்காரர்களைத் தாங்கள் மிஞ்சிவிட்டதாகப் பத்திரிகையில் எழுத, உள்ளூர் ஆட்கள் கொதித்துப் போனார்கள். அடிதடி வரை போனது. உயிருக்குப் பயந்து சிலர் ஹோட்டல் அறையிலேயே ஒளிந்திருந்தார்கள். டர்பனில் வெளியே நிறுத்தப்பட்ட எடிதான் ரெண்டு தரப்பையும் ஒரே அறையில் உட்கார வைத்துப் பேசி முடித்தார். விருந்தாளிகள் உயிரோடு ஊர் திரும்பினார்கள். இதையும் அந்த 500 பேர் கணக்கில் சேர்க்கலாம் என்று எனக்குத் தோணும்.

நடுவில் 1973-ல் வியட்நாம் போரிலிருந்து திரும்பியிருந்த தம்பி ஜெரால்ட் கார் விபத்தில் இறந்தார். எத்தனையோ பேரைக் கரைக்குக் கொண்டு வந்தவருக்குச் சொந்தத் தம்பியைக் காப்பாற்ற முடியவில்லை. அதிலிருந்து மீள எடிக்கு ரொம்ப நாளானது. 1977-ல் டியூக் கஹனமோகு பெயரிலான பெரிய போட்டியில் வென்றார்.

இப்போ கடைசி அத்தியாயம். பாலினேசிய மக்கள் எப்படிப் பசிபிக் முழுக்கப் பரவினார்கள்? காற்றிலும் நீரோட்டத்திலும் தற்செயலாக அடித்து வரப்பட்டார்கள் என்று சில ஆய்வாளர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இல்லை, எங்கள் முன்னோர் நட்சத்திரம் பார்த்துத் திட்டமிட்டே வந்தார்கள் என்று நிரூபிக்க, 1975-ல் ஹவாயில் ஒரு மரக்கலம் கட்டினார்கள். இரட்டை உடல், 62 அடி நீளம், ஆணிக்குப் பதில் கயிற்றுக் கட்டு. பெயர் ஹோகுலேயா. அது ஹவாய்க்கு நேர் மேலே கடந்து போகும் ஒரு நட்சத்திரத்தின் பெயர். நம்ம பஞ்சாங்கத்தில் அதுதான் சுவாதி. இந்த மாதிரி இரட்டைப் படகை உலகம் இன்று அழைக்கும் சொல், நம்ம கட்டுமரத்திலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல்தான்.

1976-ல் அது கருவிகள் இல்லாமலே டஹிட்டி போய்ச் சேர்ந்து சாதித்தது. 1978-ல் இரண்டாவது பயணம். 16 பேரில் எடியும் ஒருவர்.

மார்ச் 16 அன்று மாலை. கரையில் பெரும் கூட்டம், வழியனுப்பு விழா, கேமராக்கள். காற்று பலமாக இருந்தது, கடல் சரியில்லை. கூட வழித்துணைக் கப்பலும் கிடையாது. ஆனாலும் கிளம்பினார்கள். நம்ம ஊரில் பாவில் ஒரு இழை அறுந்தால் நெசவாளர் என்ன செய்வார்? தறியை நிறுத்தி, இழையைப் பிணைத்துவிட்டுத்தான் அடுத்ததை ஓட்டுவார். எத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தாலும் சரி, முகூர்த்தப் புடவைக்கு நேரமாச்சு என்றாலும் சரி. அன்றைக்கு அந்தத் துறையில் அப்படி நிறுத்த யாராலும் முடியவில்லை. ராக்கெட், பாலம், பிராஜெக்ட் டெமோ எதுவானாலும், விழா மேடை போட்ட பிறகு நிறுத்துவதுதான் ரொம்பக் கஷ்டமான இன்ஜினியரிங் முடிவு.

ஒரு பக்க உடலில் தண்ணீர் ஏறியது. நள்ளிரவு வாக்கில், மொலோகாய் தீவுக்குத் தெற்கே சுமார் 12 மைல் தூரத்தில் மரக்கலம் கவிழ்ந்தது. 16 பேரும் கவிழ்ந்த உடலைப் பிடித்துக்கொண்டு இரவைக் கழித்தார்கள். விடிந்தது. மேலே போன விமானங்கள் கவனிக்கவில்லை. காற்று அவர்களைக் கரையிலிருந்து இன்னும் தள்ளிக்கொண்டே போனது.

எடியிடம் அவருடைய பலகை இருந்தது. லனாய் தீவை நோக்கித் துடுப்புப் போட்டுப் போய் உதவி கொண்டு வருவதாகக் கிளம்பினார். கையால் துடுப்புப் போட இடைஞ்சலாக இருந்த மிதவைச் சட்டையைக் கழற்றிவிட்டுப் போனதைத் தோழர்கள் பார்த்தார்கள். பெரிய அலைகளுக்கு நடுவில் சின்னப் புள்ளியாகி மறைந்தார்.

அன்றிரவு ஒரு பயணிகள் விமானம் அவர்கள் விட்ட எச்சரிக்கை வெளிச்சத்தைப் பார்த்தது. கடலோரக் காவல்படை வந்து மிச்சமிருந்த 15 பேரையும் மீட்டது. எடியை நாள் கணக்கில் தேடினார்கள். ஹவாய் அதுவரை பார்க்காத அளவு பெரிய தேடல் அது. பலகையும் கிடைக்கவில்லை, ஆளும் கிடைக்கவில்லை. அவருக்கு வயது 31.

அந்தச் சாவுக்குப் பிறகு ஹோகுலேயா குழு எல்லாவற்றையும் மாற்றியது. பயிற்சி, பாதுகாப்பு விதி, வழித்துணைக் கப்பல், சரியான வானிலைக்குக் காத்திருக்கும் பொறுமை. 1980-ல் அதே மரக்கலம் டஹிட்டிக்குப் பத்திரமாகப் போய்த் திரும்பியது.

எடி பெயரில் வைமேயாவில் ஒரு போட்டி நடக்கிறது. அலை சுமார் 40 அடி முகப்புக்கு எழுந்தால்தான் போட்டி. இல்லையென்றால் அந்த வருஷம் கிடையாது. ஆகவே 40 வருஷத்தில் 10 தடவைக்குக் கொஞ்சம் கூடத்தான் நடந்திருக்கிறது. பெரிய அலையைப் பார்த்து மற்றவர்கள் தயங்கும்போது, எடியாக இருந்தால் போயிருப்பார் என்ற பொருளில் ஒரு வாசகம் ஹவாயில் டி-ஷர்ட், கார் ஸ்டிக்கர் என்று எங்கும் ஒட்டியிருக்கும். வாசகம் நல்லாத்தான் இருக்கு. ஆனால் அதில் பாதி எடிதான் இருக்கிறார். இன்னொரு பாதி, கரையில் நின்று மற்றவர்களைப் போக விடாமல் தடுத்தவர்.

அந்த இன்னொரு பாதிதான் நமக்கு வேணும். நம்ம காலேஜ் டூர் என்றாலே மகாபலிபுரம், கோவளம், பாண்டிச்சேரி. கடலில் குளிக்கப் போன மாணவர்கள் பற்றிய செய்தி வராத வருஷமே இல்லை. நம்மில் பாதிப் பேருக்குக் கிணற்று நீச்சல்கூடத் தெரியாது. ஒன்று தெரிஞ்சு வெச்சுக்கோங்க. அலைகள் கரைக்குத் தள்ளும் தண்ணீர் எப்படியாவது திரும்பிப் போயாகணும். அது ஒரு ஒடுக்கமான பாதையில் வேகமாக உள்ளே இழுக்கும். அந்தப் பாதையில் பெரும்பாலும் அலை உடையாது. பார்க்க அமைதியாக இருக்கும். அமைதியா இருக்கே என்று இறங்கும் இடமே ஆபத்தான இடமாக இருக்கலாம். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்திக் களைத்துப் போகாதீங்க. மிதங்க, கை தூக்கிக் காட்டுங்க, முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வாங்க. நண்பன் மாட்டினால் பின்னாலேயே குதிக்காதீங்க. மிதக்கும் எதையாவது வீசுங்க, காவலர்களையும் மீனவர்களையும் கூப்பிடுங்க. உங்க கூட்டத்தில் ஒருத்தராவது தண்ணியில் இறங்காமல் மற்றவர்களை எண்ணிக்கொண்டு நிற்கட்டும். போரடிக்கிற வேலைதான்.

2023 ஜனவரி 22 அன்று எடி போட்டி நடந்தது. ஜெயித்தவர் லூக் ஷெபர்ட்ஸன். அவர் அன்றைக்கு வைமேயாவில் டியூட்டியில் இருந்த உயிர்காப்பாளர். இடைவேளை வாங்கிக்கொண்டு கடலில் இறங்கினார், சறுக்கினார், கரையேறி மறுபடியும் காவல் கோபுரத்துக்குப் போனார். உலகின் சிறந்த வீரர்களையெல்லாம் தாண்டி முதலிடம் வந்த நாளிலும், ஷிஃப்ட் முடியும் வரை அவர் கடலைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.