பிரெடரிக் வில்ஹெல்ம் பெசெல்

பிரெடரிக் வில்ஹெல்ம் பெசெல் (ஜூலை 22, 1784 – மார்ச் 17, 1846) ஜெர்மனி நாட்டு வானியலாளரும் கணிதவியலாளரும் புவியளவையியலாளரும் ஆவார். விண்மீன் ஒன்றின் தொலைவை நம்பத்தக்க முறையில் முதன்முதலாக அளந்தவர் என்றும், பெசெல் சார்புகளுக்குப் பெயர் தந்தவர் என்றும் இவர் பரவலாக அறியப்படுகிறார். புவியில் ஓரிடத்திலிருந்து குறிப்பிட்ட திசையில் குறிப்பிட்ட தொலைவு சென்றால் அடையும் இடத்தின் ஆள்கூறுகளைக் கணிக்க இவர் 1825 இல் வகுத்த முறை, இன்றைய கணினி நிரல்களுக்கும் அடிப்படையாக உள்ளது.

இளமைக் காலம்

பெசெல் வெஸ்ட்பாலியா பகுதியிலுள்ள மிண்டன் நகரில் ஓர் அரசு அலுவலரின் மகனாகப் பிறந்தார். இலத்தீன் மொழிப்பாடத்தில் நாட்டமின்றிப் பதினான்கு வயதிலேயே பள்ளியை விட்டு விலகினார். 1799 இல் பிரெமன் நகரின் வணிக நிறுவனம் ஒன்றில் கணக்குப் பணி பயிலச் சேர்ந்தார். பயிற்சிக் காலம் ஏழு ஆண்டுகள். தொடக்கத்தில் ஊதியம் இல்லை.

அந்நிறுவனம் கடல் வணிகம் செய்து வந்தது. சரக்குக் கப்பலில் பொறுப்பாளராகச் செல்லும் விருப்பத்தால் பெசெல் இரவு நேரங்களில் புவியியலும் அயல்மொழிகளும் கப்பலோட்டும் கலையும் கற்றார். நடுக்கடலில் கப்பலின் இருப்பிடத்தை அறிவது எவ்வாறு என்ற கேள்வி அவரை வானியலுக்கும் கணிதத்துக்கும் இட்டுச் சென்றது.

1804 இல், ஹாலி வால்வெள்ளியை 1607 இல் ஆங்கிலேயர்கள் நோக்கி எழுதி வைத்த குறிப்புகளைக் கொண்டு அதன் சுற்றுப்பாதையைக் கணித்தார். இக்கட்டுரையைக் கண்ட பிரெமன் மருத்துவரும் வானியலாளருமான ஓல்பர்ஸ் அதனை வெளியிடப் பரிந்துரைத்தார். 1806 இல் பெசெல் வணிக வாழ்வைத் துறந்து, குறைந்த ஊதியத்தில் லிலியன்தால் வான் ஆய்வகத்தில் உதவியாளரானார்.

கோனிக்ஸ்பெர்க் ஆய்வகம்

1810 இல் பிரஷ்ய மன்னர் கோனிக்ஸ்பெர்க்கில் (இன்றைய ரஷ்யாவின் கலினின்கிராட்) அமையவிருந்த ஆய்வகத்தின் இயக்குநராகப் பெசெலை நியமித்தார். பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் அவரிடம் இல்லை. காஸின் பரிந்துரையால் கெட்டிங்கன் பல்கலைக்கழகம் அவருக்கு முனைவர் பட்டம் வழங்கிய பின்னரே இத்தடை நீங்கியது. இறுதிவரை அவர் அந்நகரிலேயே பணியாற்றினார்.

1818 இல் ஆங்கிலேய வானியலாளர் பிராட்லியின் நோக்கீடுகளைச் சீர்ப்படுத்தி 3,222 விண்மீன்களின் நிலைகளை வெளியிட்டார். 1838 இல் 61 சிக்னி என்னும் விண்மீனின் இடமாறு தோற்றத்தை அளந்து, அதன் தொலைவு ஏறத்தாழ 10 ஒளியாண்டுகள் எனக் கண்டார். இன்றைய மதிப்பு 11.4 ஒளியாண்டுகள். சிரியஸ், புரோசியான் ஆகியவற்றின் சீரற்ற இயக்கத்திலிருந்து, அவற்றுக்குக் கண்ணுக்குத் தெரியாத துணைகள் உண்டு என 1844 இல் அறிவித்தார். சிரியசின் துணை 1862 இலும் புரோசியானின் துணை 1896 இலும் காணப்பட்டன.

பிழைகளைப் பற்றிய ஆய்வு

1796 இல் கிரீனிச் ஆய்வகத்தின் உதவியாளர் ஒருவர், விண்மீன் கடக்கும் நேரத்தைத் தலைவரை விடச் சற்றுப் பிந்திக் குறித்தார் என்பதற்காகப் பணி இழந்தார். பல ஆண்டுகளுக்குப் பின் பெசெல் இதனை ஆராய்ந்து, தேர்ந்த வானியலாளர்களிடையேயும் இத்தகைய வேறுபாடு நிலையாக உள்ளது எனக் காட்டினார். எந்தக் கருவியும் எந்த நோக்கரும் பிழையற்றவரல்லர், பிழையை அளந்து கணக்கில் சேர்க்க வேண்டும் என்பதே அவர் பணிகள் அனைத்திலும் காணப்படும் கொள்கையாகும்.

ஆள்கூறுகளை நகர்த்தும் கணக்கு

அகலாங்கும் (அட்சரேகை) நெட்டாங்கும் (தீர்க்கரேகை) பாகைகளில் அளக்கப்படுகின்றன. தரையில் தொலைவு மீட்டரில் அளக்கப்படுகிறது. ஒரு பாகை நெட்டாங்கு நிலநடுக்கோட்டில் சுமார் 111 கிலோமீட்டர், 60 பாகை அகலாங்கில் அதில் ஏறத்தாழ பாதி, துருவத்தில் சுழியம். ஆகவே ஆள்கூறுகளுடன் ஒரு நிலையான எண்ணைக் கூட்டி இடத்தை நகர்த்த இயலாது. புவி முழுக் கோளமாகவும் இல்லை. துருவங்களில் சற்றுத் தட்டையானது. இதனால் கோளத்துக்குரிய எளிய சூத்திரங்கள் 0.5 விழுக்காடு வரை பிழை தரக்கூடும். நூறு கிலோமீட்டருக்கு இது சில நூறு மீட்டர் ஆகும்.

பெசெல் 1825 இல் இதற்குத் தீர்வு கண்டார். தட்டையான புவியின் மீதுள்ள மிகக் குறுகிய பாதையை, துணைக்கோளம் ஒன்றின் மீதுள்ள பெருவட்டத்துடன் தொடர்புபடுத்தினார். கோளத்தில் கணக்கு எளிது. பின்னர் தொலைவிலும் நெட்டாங்கிலும் தட்டைத்தன்மையால் நேரும் திருத்தங்களை முடிவிலித் தொடர்களாக எழுதினார். கையால் கணிப்போருக்கு உதவும் பொருட்டு அட்டவணைகளையும் இணைத்தார். தொடங்குமிடம், திசைக்கோணம், தொலைவு ஆகியவற்றைக் கொடுத்தால், சேரும் இடமும் அங்குள்ள திசைக்கோணமும் கிடைக்கும். வழியில் திசைக்கோணம் மாறிக்கொண்டே இருப்பதால், தொடர்ந்து நகர்த்துவதற்கு இந்த இரண்டாம் விடை இன்றியமையாதது.

1831 முதல் 1836 வரை பேயருடன் இணைந்து கிழக்குப் பிரஷ்யாவில் முக்கோண அளவை நடத்தி, ரஷ்ய, மேற்கு ஐரோப்பிய அளவைகள் இணைய வழி செய்தார்.

பெசெல் நீள்வட்டக் கோளம்

1837 இல், பல நாடுகளின் பத்து வில் அளவைகளைக் கொண்டு புவியின் வடிவத்தைக் கணித்தார். அவற்றுள் இரண்டு இந்தியாவைச் சேர்ந்தவை. அவற்றில் ஒன்று சென்னைக்கு அருகில் லாம்டன் அளந்ததாகும். பின்னர் பிரெஞ்சு அளவையின் கணக்கில் ஒரு பிழை இருப்பது தெரியவந்தது. பெசெல் தம் முடிவை அப்படியே விட்டுவிடாமல் முழுவதையும் மீண்டும் கணித்து 1841 இல் வெளியிட்டார். நிலநடுக்கோட்டு ஆரம் 6,377,397.155 மீட்டர், தட்டைத்தன்மை ஏறத்தாழ 299.15இல் ஒரு பங்கு என்பன அவர் கண்ட மதிப்புகள். ஜெர்மனியும் வேறு பல நாடுகளும் இவற்றை நெடுங்காலம் பயன்படுத்தின; ஜப்பான் 2002 வரை பயன்படுத்தியது.

இறுதிக் காலம்

பெசெல் 1812 இல் யோஹான்னா ஹாகனை மணந்தார். அவர்களுடைய இரு மகன்களும் இளமையிலேயே இறந்தனர். நோயுற்றிருந்த பெசெல் 1846 இல் காலமாகி, ஆய்வகத்துக்கு அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டார். அவ்வாய்வகம் இரண்டாம் உலகப்போரில், 1944 இல் குண்டுவீச்சுக்கு இலக்காகிச் சிதைந்தது.

பிற்காலப் பயன்பாடு

1975 இல் வின்சென்டி, பெசெலின் முறையைக் கணினிக்கு ஏற்றவாறு சுருக்கி அமைத்தார். ஆயினும் புவியின் நேரெதிர்ப் புள்ளிகளுக்கு அருகில், இரு இடங்களுக்கிடைத் தொலைவைக் காணும் அவரது கணிப்பு சில வேளைகளில் முடிவு எட்டாமல் நின்றுவிடும். சார்லஸ் கார்னி இக்குறையை நீக்கி, சில நானோமீட்டர் அளவுக்குத் துல்லியமான முறையை 2013 இல் வெளியிட்டார். அவர் உருவாக்கிய ஜியோகிராபிக்லிப் என்னும் நிரல் தொகுதி இம்முறையில் இயங்குகிறது. ஆரத்தையும் தட்டைத்தன்மையையும் உள்ளீடாகப் பெறுவதால், அது எந்த நீள்வட்டக் கோளத்துக்கும் பொருந்தும். பெசெலின் 1825 ஆம் ஆண்டுக் கட்டுரையை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 2010 இல் வெளியிட்ட இருவரில் கார்னியும் ஒருவர். துணைக்கோளம் என்னும் பெசெலின் கருத்து அந்நிரலிலும் மாறாமல் உள்ளது.