கெமிஸ்தம் தந்த மருத்துவர் கிறீன்

திருப்புல்லாணியை அடுத்த சேதுக்கரையின் அலைகடலைக் கண்டோர் பலர். அக்கடற்பரப்பின் வடகிழக்கே, பாக்கு நீரிணைக்கு அப்பால் உள்ள யாழ்ப்பாணத்தில், 19ஆம் நூற்றாண்டிலேயே வேதியியலும் உடலியலும் தமிழில் கற்பிக்கப்பட்டன என்பதை அறிந்தோர் சிலரே. அப்பணியைச் செய்தவர் தமிழரல்லர். அமெரிக்க நாட்டினரான மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் ஆவார்.

பிறப்பும் பணியும்

கிறீன் 1822ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 10ஆம் நாள் மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில் பிறந்தார். நியூயார்க்கில் மருத்துவம் பயின்று 1845இல் பட்டம் பெற்றார். அமெரிக்க மிஷனின் மருத்துவராக 1847இல் இலங்கை வந்தடைந்தார். வட்டுக்கோட்டையில் தொடங்கிய அவரது பணி, அடுத்த ஆண்டே மானிப்பாய்க்கு மாறியது. நோய் தீர்ப்பதோடு அவர் அமைதி கொள்ளவில்லை. தாம் ஒருவர் எத்தனை பேருக்கு மருந்தளித்தல் இயலும்? மண்ணின் மைந்தர்களையே மருத்துவராக்கினால் அத்தொண்டு தமக்குப் பின்னும் நிற்கும் எனக் கருதி, 1848 முதல் மாணவர்களைப் பயிற்றலானார். அவரிடம் பயின்று வெளிவந்தோர் 60 பேருக்கு மேற்பட்டவராவர்.

தமிழில் மருத்துவம்

தொடக்கத்தில் ஆங்கிலத்திலேயே பாடம் நடந்தது. ஆங்கிலம் கற்றோர் நகரங்களையும் அரசுப் பணிகளையும் நாடுவர். சிற்றூர் மக்களுக்குத் துணையாவோர் அவர்களது மொழியில் கற்றவரே என்ற முடிவுக்குக் கிறீன் வந்தார். தாமே தமிழைக் கற்றுத் தேர்ந்தார். 1864 முதல் தமிழ்வழி மருத்துவக் கல்வியை நடத்தினார். தம் மாணவர்கள் உடையிலும் வாழ்முறையிலும் தமிழராகவே விளங்க வேண்டுமென அவர் விரும்பியது, அக்காலச் சூழலில் வியப்புக்குரியது.

கற்பிக்க நூல் வேண்டுமன்றோ? கட்டர் என்பார் இயற்றிய உடற்கூற்று நூல் 1852இல் தமிழில் வந்தது. பிரசவ வைத்தியம் 1857இலும், இரண வைத்தியம் 1867இலும், மனுஷ அங்காதிபாதம் 1872இலும் தொடர்ந்தன. மாணவர் மொழிபெயர்க்க, கிறீன் திருத்திப் பதிப்பித்தவை அவற்றுட் பல. 1873இல் தாயகம் திரும்பிய பின்னரும் அவர் பணி ஓயவில்லை. வெல்ஸ் என்பாரின் வேதியியல் நூல், கெமிஸ்தம் என்னும் பெயரால் 1875இல் வெளிவந்தது.

கலைச்சொல் நெறி

முதலில் தமிழில் வழங்கும் சொல்லைத் தேடுக. பின்னர் வடமொழியை நாடுக. இரண்டிலும் கிடையாதாயின் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலிக்கேற்பத் திரித்துக் கொள்க. இதுவே கிறீன் கைக்கொண்ட நெறி. கெமிஸ்தம் என்ற பெயரே அதற்குச் சான்று. இன்று நாம் வேதியியல் என்கிறோம். ஈழத்தார் இரசாயனவியல் என்கின்றனர். சொற்கள் மாறினும் அவர் இட்ட வித்து அழியவில்லை.

உடலை அறிய வேதியியல்

மருத்துவம் கற்போர்க்கு வேதியியல் எதற்கு என்ற ஐயம், இன்று தாவரவியலும் விலங்கியலும் பயிலப் புகும் முதலாண்டு மாணவர் பலருக்கும் எழுவதே. இதற்கு நம் கரையே விடை தரும். கீழக்கரைக் கடலில் கிடைக்கும் சங்கின் ஓடு கால்சியம் கார்பனேட்டால் ஆயது. அதன் துண்டொன்றைக் காடியில் இட்டால் குமிழிகள் எழும். அவை நாம் வெளிவிடும் மூச்சில் உள்ள அதே கார்பன் டை ஆக்சைடு. உப்பு நீரில் கரையும்போது சோடியம், குளோரைடு என்னும் அயனிகளாகப் பிரிகிறது. அச்சோடியம் அயனிகள் நரம்புச் சவ்வைக் கடந்து உட்புகுவதாலேயே உணர்ச்சித் துடிப்பு நரம்பில் ஓடுகிறது. குருதியின் பி.எச். அளவு 7.35க்கும் 7.45க்கும் இடையே நிற்பதே நலம். அது பிறழின் உயிருக்கே இடர் நேரும். அணுவும் அயனியும் அமிலமும் காரமும் அறியாதவன் உயிரியலை மனப்பாடம் செய்யலாம், உணர்தல் அரிது.

அயனிக் கொள்கை கெமிஸ்தம் வெளிவந்த காலத்தில் தோன்றவில்லை. ஸ்வீடன் நாட்டு அர்ரீனியஸின் ஆய்வேட்டில் அது முளைவிட்டது 1884இல். அதே ஆண்டு மே 28ஆம் நாள் கிறீன் மறைந்தார். எலக்ட்ரானோ 1897இல்தான் கண்டறியப்பட்டது. ஆகவே அந்நூலை அப்படியே இன்று பாடமாக்க இயலாது. அறிவியல் வளருந்தோறும் தமிழும் உடன் வளர வேண்டும் என்பதே அது நமக்கு விடுக்கும் அழைப்பு.

முடிவுரை

அரசுப் பணிக்கு ஆங்கிலமே வாயிலாக இருந்தமையால், தமிழ்வழி மருத்துவக் கல்வி கிறீனுக்குப் பின் நெடுநாள் நிலைக்கவில்லை. எனினும் தம் கல்லறையில் தமிழர்க்குத் தொண்டாற்றிய மருத்துவர் எனப் பொருள்படப் பொறிக்குமாறு விரும்பிய அவரது உள்ளம் மறக்கத்தக்கதன்று. திருப்புல்லாணி போன்ற சிற்றூர்ப் பள்ளிகளில் தமிழில் பயின்று கல்லூரிக்கு வரும் மாணவர், முதல் வேதியியல் வகுப்பிலேயே மருண்டு ஒதுங்கும் நிலை இன்னும் உண்டு. அவர்களுக்குத் தெளிந்த தமிழில் ஒரு பாடம் எழுதித் தருவோரே கிறீனுக்கு உண்மையான நினைவுச்சின்னம் எழுப்புவோர் ஆவர்.